இரண்டாவது பெஞ்சுக்கு அப்பால்

பூங்கா வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘ஆற்றங்கரை வனப்பாதை. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். எளிதான நடை. குழந்தைகளும் முதியவர்களும் செல்லலாம்’ என்று எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் முதல் நாள் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதுல நான் எதுல சேத்தி? குழந்தையா, முதியவரா?”

“ரெண்டுலயும்தான். நடங்க.”

அவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அதனால் குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். பத்து வாரத்துக்கு முன்பு, இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு என்று நெஞ்சைத் திறந்து சரிசெய்திருந்தார்கள். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டும் மேசைக்குப் பொறுப்பு. அங்கே அவளுக்குக் ‘கட்டிங் அக்கா’ என்று பெயர். மருத்துவமனையில் கட்டுப் பிரித்த அன்று, கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குழி வரை ஓடிய தையலை அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“கடைசி ரெண்டு இஞ்ச் கொஞ்சம் கோணிடுச்சே டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். லிஃப்ட்காரரும் சிரிக்கப் பார்த்து, வலித்ததால் நிறுத்திக்கொண்டார். அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, சத்தம் வராமல் அழுதுவிட்டு வந்தாள்.

“தினமும் நடக்கணும். மேடு பள்ளம் வேண்டாம். முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்குத் தனியா போகாதீங்க, யாராவது கூட இருக்கட்டும்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

யாராவது என்றால் யார்? மகள் தொலைவில் வேறு ஊரில் இருந்தாள். தினமும் போனில் மட்டும்தான் கூட இருக்க முடிந்தது. அதனால் கட்டிங் அக்கா மேலாளரிடம் போய், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு மணிக்குப் போனால் போதும். காலை முழுக்க அவருக்கு.

அந்த இருபத்தாறு வருடமும் அவளுக்குக் காலைப் பணி, அவருக்கு இரவுப் பணி. அவர் வீடு திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அவள் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை இரண்டு மணி நேரம்தான் குடும்பம். மீதியெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகள். ‘கேஸ் தீரப்போகுது.’ ‘பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்து குடுத்தாச்சு.’ ‘உன் செருப்பைத் தெச்சு வாங்கிட்டேன்.’ ஒருவர் கையெழுத்து மற்றவருக்கு அத்துப்படி. கோபமாக எழுதியதா, அவசரத்தில் எழுதியதா என்பதுகூடத் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததில்லை. அதற்கு நேரமே வாய்க்கவில்லை.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ இயந்திர அறையைச் சோதிக்க வந்தவர் மாதிரி அண்ணாந்து பார்த்தபடி நடப்பார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்பவள் நடக்க ஆரம்பித்தால் எவ்வளவு வேகம் என்று அவருக்கும் இப்போதுதான் தெரிந்தது. வேகத்தை அடக்கிக்கொண்டு அவள் அவருக்குப் பின்னால் வந்தாள்.

“பின்னாடியே வந்தா எப்படி? நான் என்ன ஊர்வலமா போறேன்?”

“முன்னாடி போனா நீங்க விழுறது தெரியாதே.”

“விழுந்தா சத்தம் கேக்குமில்ல?”

“வாயை மூடிக்கிட்டு நடங்க.”

பாதை இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலம்தான். இடது கைப் பக்கம் ஆறு, நாணலுக்குப் பின்னால் பழுப்பாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். வலது கைப் பக்கம் உயரமான மரங்கள். ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை அடித்திருந்தார்கள், மழையில் எழுத்தெல்லாம் அழிந்து தகரம் மட்டும் மிச்சமிருந்தது. அதனால் கட்டிங் அக்கா அவற்றுக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தாள். வேர் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து தரையில் இறங்கிய பெரிய மரத்துக்கு ‘ப்ளீட்ஸ் வெச்ச பாவாடை’. பட்டை உரிந்து தொங்கியதற்கு ‘ஓரம் அடிக்காத துணி’. அவருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. கேபிள் மாதிரித் தொங்கிய கொடிகளை மட்டும் நின்று இழுத்துப் பார்ப்பார்.

“நல்ல பலம். எட்டுப் பேரைத் தாங்கும்.”

முதல் பெஞ்ச் பத்து நிமிடத்தில் வரும். இரண்டாவது பெஞ்ச் இருபது நிமிடத்தில். ஐந்தாவது வாரத்தில் இரண்டாவது பெஞ்ச் வரை சுலபமாகப் போய்வர முடிந்தது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். அந்தப் பெஞ்ச் வந்ததும் அவருக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு நாள் வெயில் ஏறிவிட்டது என்பார். ஒரு நாள் ஷூ கடிக்கிறது. ஒரு நாள் அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். ஆறாவது நாள், “மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். “இங்க உக்காருங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க.”

அவர் உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் காட்டினார். “இங்க ஒரு கோடு சிக்னல் இருக்கு பாரு. அந்த வளைவு தாண்டினா அதுவும் இல்ல. அன்னிக்கு நீ ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னப்போ நான் பத்தடி போய்ப் பாத்தேன்.”

“அதுக்கு?”

“ரோட்டுச் சத்தமும் கேக்கல. ஏதாச்சும் ஆச்சுன்னா ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்? இந்தப் பாதையில சைக்கிளே வராது.”

சொல்லிவிட்டு அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது மாடிக்கு மேலே, இருட்டுக் குழிக்குள் ஒற்றை இரும்புச் சட்டத்தில் நின்று வேலை பார்த்த மனுஷன். பயப்படாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அடுத்த நாளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அவரே, “அந்த வளைவு வரைக்கும் போய்ப் பாப்போமா? சும்மா ஒரு பத்தடி” என்றார்.

பத்தடி இருபதானது. வளைவு தாண்டியதும் மரங்கள் நெருங்கி, வெளிச்சம் பச்சையாக இறங்கியது. ஒரு மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து வெறும் வாயோடு திரும்பிப் போனதைப் பார்த்து அவர் சிரித்தார். கேட்டால், நம்ம ஆபீஸ் இன்ஜினியர் மாதிரியே இருக்கு என்றார். பேச்சு சுவாரசியத்தில் மூன்றாவது பெஞ்சும் போனது தெரியவில்லை. ஆறு திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மரப்பாலம் இருந்தது. அதைத் தாண்டி, ஈர வேர் ஒன்றில் கட்டிங் அக்காவின் கால் வழுக்கியது.

அவருக்கு ஏதாவது ஆகுமோ என்று அவரையே பார்த்துக்கொண்டு நடந்தவள், தன் காலைப் பார்க்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ‘அம்மா’ என்று உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தபோது வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரிக்க முடியுதா?”

முயன்றாள். கால் ஊன்றியதும் முகம் வெளுத்தது. அவர் அவசரமாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

“தொடாதீங்க! அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது.”

“நீ என்ன அரிசி மூட்டையா?”

“அதைவிட ஜாஸ்தி. தள்ளிப் போங்க.”

அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒரு மரத்தடிக்குப் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். போனில் சிக்னல் இல்லை. ஓடியாடி ஆள் தேடக்கூடிய ஒருத்தியால் நடக்க முடியவில்லை. நடக்க முடிந்தவர் தனியாகப் போகக்கூடாது. வேலை நாள் காலை, பத்து மணி. ஒரு ஈ காக்கை இல்லை.

“யாராச்சும் வருவாங்க. இருப்போம்” என்றாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. கணுக்கால் முட்டை மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது. அவள் மூச்சு சின்னச் சின்னதாக வாங்குவதைக் கவனித்த லிஃப்ட்காரர் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேச ஆரம்பித்தார். மெதுவான, அவசரமே இல்லாத குரல்.

“நான் லிஃப்ட் மெக்கானிக் பேசுறேன். உங்க பக்கத்துலயேதான் நிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள காத்து நல்லா வரும். உக்காந்துக்கோங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. எத்தனை பேர் இருக்கீங்க?”

“என்னங்க இது?” என்றாள் அவள், வலிக்கு நடுவே.

“லிஃப்ட் நின்னு நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட இப்படித்தான் பேசுவேன். கதவு இடுக்கு வழியா. எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டா, எண்ணிப் பாப்பாங்க. எண்ணும்போது பயம் கொஞ்சம் குறையும். சொல்லு, எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்.”

“வயசானவங்க, உடம்பு முடியாதவங்க யாராச்சும்?”

“ரெண்டு பேருமே” என்றவள் சிரிக்கப்போய் அழ ஆரம்பித்தாள். கால் வலிக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையை ஆட்டினாள்.

“அன்னிக்கு நான் உங்களை எழுப்பியிருக்கணும்.”

“என்னிக்கு?”

“அன்னிக்குத்தான். ‘நெஞ்சு எரியுது, அஜீரணம் போல, எழுப்பாதே’ன்னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தீங்க. அஞ்சு மணிக்கு வந்து பாத்தேன். கையெழுத்து கீழ இறங்கிப் போயிருந்துச்சு. எப்பவும் நேராத்தான் எழுதுவீங்க. பாத்தேன், ஆனா விட்டுட்டேன். தூங்கட்டும்னு அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு, பாத்திரச் சத்தம்கூட வராம வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணரை மணி நேரம். ஆறரைக்கு வந்து பாத்தா தலையணையெல்லாம் வேர்வை. ஒண்ணரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். உங்ககிட்ட சொல்லல. என்கிட்டதான் சொன்னார்.”

மூன்றரை மாதமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது. மகளிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் பொடித்துக்கொண்டிருந்தார்.

“நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள்.

“நீ வந்து பூட்டைத் திறந்தது கேட்டுச்சு. ஃபிரிட்ஜ் பக்கம் நின்னதும் தெரியும். கூப்பிட்டிருக்கலாம். குரல் வந்துச்சு. ஆனா, இப்பதானே வேலையிலேருந்து வந்திருக்கா, நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கா, ஒரு வாய் காபி குடிக்கட்டும், அப்புறம் கூப்பிடலாம்னு படுத்திருந்தேன். காபி வாசனைகூட வந்துச்சு. அப்புறம் கூப்பிடப் பாத்தேன், குரல் வரல.”

ஆற்றில் எங்கோ மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. கட்டிங் அக்கா அவரையே பார்த்தாள். பிறகு கைக்கு எட்டிய இலைகளை எல்லாம் அள்ளி அவர் மேல் வீசினாள்.

“காபி ஆறிடும்னு சாகக் கிடந்தீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு? நான் ராத்திரி பகலா நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலையுறேன், நீங்க காபிக்காகப் படுத்திருந்தேன்னு சொல்றீங்க!”

“உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“அந்தக் காபியை நான் பாதி குடிச்சிட்டுக் கொட்டினேன். பால் தீஞ்சு போச்சு.”

“அடடா” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அந்த ‘அடடா’வுக்கு அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்திக்கொண்டாள். அவர் எழுந்து வந்து அவள் தோளில் ஒட்டியிருந்த இலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். தன் சட்டையில் இருந்தவற்றை விட்டுவிட்டார். இரண்டு பேரும் மரத்தில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. கால் இன்னும் வீங்கியது.

“நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்” என்றார் அவர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பயம் போயிருக்கவில்லை. மேல் உதட்டில் வேர்த்திருந்தது.

“முடியுமா?”

“தெரியல. நடந்து பாத்தாத்தான் தெரியும்.”

“ஓடாதீங்க. மூச்சு வாங்கினா உக்காந்துடுங்க. இந்தத் தடவை ஏதாச்சும் ஒரு மாதிரி இருந்துச்சுன்னா, யார் காபி குடிக்கிறா, யார் சாப்பிடுறான்னு பாக்காம கத்துங்க. எனக்குக் கேக்கும். நான் தவழ்ந்தாச்சும் வருவேன்.”

“சரி.”

அவர் கிளம்பினார். மரப்பாலத்தில் அவர் காலடி கேட்டது. வளைவில் மறைந்ததும் ஒரு குரல் வந்தது.

“இருக்கேன்!”

“சரி!” என்று இவள் கத்தினாள்.

கொஞ்சம் கழித்து, தள்ளி, “இருக்கேன்!”

“சரி!”

அப்படியே ஐந்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் மெலிந்துகொண்டே போனது. கடைசியாக வந்தது அவர் குரலா, பறவையா என்றே தெரியவில்லை. இருந்தாலும் தொண்டை வலிக்க ‘சரி’ என்று கத்தினாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆற்றின் நடுவில் ஒரு பட்ட மரக்கிளையில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கடிகாரம் இல்லை. அவர் இந்நேரம் மூன்றாவது பெஞ்சில் இருப்பார், இந்நேரம் வளைவு என்று மனதுக்குள் அவரோடு கூடவே நடந்தாள். அவர் நடை இப்போது அவளுக்குத் தெரியும். எங்கே நிற்பார், எந்தக் கொடியை இழுத்துப் பார்ப்பார் என்றுகூடத் தெரியும். எந்த இடத்தில் விழுவார் என்று நினைப்பு போனபோது அதைப் பிடித்து நிறுத்தினாள். நீர்க்காகம் இறக்கையை மடித்துக்கொண்டு பறந்து போனது. அது போனதும் அவளுக்கு ரொம்பத் தனியாக இருந்தது.

எவ்வளவு நேரமோ. முதலில் கேட்டது சக்கரம் ஒன்று கிறீச்சிடும் சத்தம். பிறகு, இன்னும் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து, “இருக்கேன்!”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினாள், அவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும்.

பூங்காவில் இலை கூட்டும் பெண்மணி தன் தள்ளுவண்டியோடு வந்தாள். ஒற்றைச் சக்கரம், பாதி வண்டிக்கு ஈர இலை. பின்னால் லிஃப்ட்காரர், சட்டைப் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டுக்கொண்டு, மெதுவாக, நிறுத்தாமல் நடந்து வந்தார்.

“முதல் பெஞ்சு பக்கம் கூட்டிக்கிட்டு இருந்தேன் அக்கா. ‘வாங்கம்மா, ஒருத்தர் மாட்டிக்கிட்டாங்க’ன்னாரு. மாடியிலயா, பாலத்துலயான்னு ஒண்ணும் புரியல” என்றாள் அந்தப் பெண்மணி. “ஏறி உக்காருங்க. இலை மெத்துன்னு இருக்கும்.”

“வண்டி தாங்குமா?”

“தினமும் இதைவிட வெயிட்டா அள்ளுறேன். ஐயா, நீங்க தள்ளி நில்லுங்க. உங்க நெஞ்சைக் காட்டி எல்லாக் கதையும் சொல்லிட்டீங்க, கிட்ட வராதீங்க.”

அந்தப் பெண்மணி அவளைக் கக்கத்தில் கைகொடுத்து ஒரே தூக்கில் வண்டியில் உட்கார வைத்தாள். ஈரம் புடவையில் ஏறியது. லிஃப்ட்காரருக்குத் தூக்க எதுவும் மிச்சமில்லை. அவளுடைய செருப்புகளை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார். வேரும் கல்லும் வரும் இடத்திலெல்லாம், “பாத்து, பாத்து, லெவல் சரியா இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு அளவுக்கு மேல் அந்தப் பெண்மணி, “ஐயா, நீங்க முன்னாடி போங்களேன்” என்றாள்.

எலும்பு முறியவில்லை. தசைநார் கிழிந்திருந்தது. மூன்று வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார்கள். தொழிற்சாலையில் விடுப்பு சொன்னாள். விஷயம் தெரிந்து மகள் போனில் இரண்டு பேரையும் தனித்தனியாகத் திட்டினாள்.

அந்த மூன்று வாரமும் லிஃப்ட்காரர் தனியாகப் போனார். முதல் நாள் கதவருகே ஷூவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் நாற்காலியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். போங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் போனார். இரண்டாவது பெஞ்ச் வரை போய்விட்டு வந்தார். அடுத்த நாள் மரப்பாலம் வரை. வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் அவளுக்குச் செய்தி சொல்வார்.

“ஆறு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இருக்குன்னா?”

“தண்ணி போகுது.”

“எந்தப் பக்கம் போகுதுன்னாச்சும் பாத்தீங்களா?”

ஆனால் நாளாக நாளாக அவருக்குப் பார்க்கத் தெரிந்தது. பாவாடை மரத்தில் புதுத் தளிர், சிவப்பு நூல்கண்டு மாதிரி இருக்கிறது என்றார். ஓரம் அடிக்காத துணி மரத்தில் ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்துவிட்டது என்று அதையே கொண்டுவந்து காட்டினார். நீர்க்காகம் மூன்று ஆகிவிட்டது. இலை கூட்டும் பெண்மணி விசாரித்தாள். இதையெல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு நடந்த நேரத்தைவிட அதிக நேரம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் கால் சரியானதும் மறுபடி சேர்ந்து போனார்கள். இந்தத் தடவை அவள் பக்கத்தில் நடந்தாள். பாதை குறுகும் இடத்தில் யாராவது ஒருவர் புல்லில் இறங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் அவர், ஒரு நாள் அவள்.

அடுத்த மாதம் மருத்துவமனையில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, “இப்ப எவ்வளவு நடக்குறீங்க?” என்று கேட்டார்.

“முழுச் சுற்று டாக்டர். ரெண்டு கிலோமீட்டர்.”

“வெரி குட். எவ்வளவு நேரம் ஆகுது?”

“ஒரு மணி நேரம்” என்றார் லிஃப்ட்காரர்.

“ரெண்டேகால் மணி நேரம்” என்றாள் கட்டிங் அக்கா.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “சமதரையில ரெண்டு கிலோமீட்டருக்கு ரெண்டேகால் மணி நேரமா? மூச்சு வாங்குதா? நடுவுல நிக்கிறீங்களா? நெஞ்சு இறுக்கமா இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றாள் அவள். “பேசிக்கிட்டே போறோம்.”

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் வேகம் கூட்டினால் இதயத்துக்கு நல்லது என்றார். சரி என்றார்கள். மறுநாள் காலை முதல் பெஞ்ச் வரை வேகமாகத்தான் நடந்தார்கள்.